கோணற் கூரை வண்டியில் உப்பேரிக்கு

சென்ற ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே கல்லூரியில் விடுப்புப் பெற்று, அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் வாழும் எமது அக்கா வீட்டிற் சில வாரங்கள் தங்கியிருந்தோம். மெல்பேணைப் பார்த்து வந்தவர்கள் அந்நகரத்துப் பூங்காக்களையும் கடற்கரை வீதிகளையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நாம் எழுதப் போவதோ ஒரு பழைய வண்டியின் கூரையைப் பற்றியும், அக்கூரையை நம்பிச் சென்று கண்ட ஓர் உப்பேரியைப் பற்றியுமே. கூரையைப் பற்றியும் ஒரு பிரயாணக் கட்டுரையா என்று வாசகர் நகைக்கலாம். அக்கூரை செவ்வையாக அமைந்திராவிட்டால் அந்தப் பிரயாணமே நிகழ்ந்திராது.

அக்கா வீட்டின் பின்வளவிலே ஒரு டொயோட்டா ஹைஏஸ் வண்டி நின்றது. நம் நாட்டிலே ஆட்களை ஏற்றி ஓடும் வான்களின் இனத்தைச் சேர்ந்ததுதான். 1990 களிலே செய்யப்பட்டது. ஆனால் அதனுள்ளே ஒரு சிறு வீடே அடங்கியிருந்தது. மடித்தால் இருக்கையும் விரித்தால் படுக்கையுமாகும் ஒரு பலகை, வாயு அடுப்பு, கை கழுவும் தொட்டி, பன்னிரண்டு உவோற்று மின்சாரத்தில் இயங்கும் ஒரு சிறிய குளிர்ப்பெட்டி ஆகிய யாவும் அதில் இருந்தன. உள்ளே ஒருவர் நிமிர்ந்து நிற்பதற்காக, வண்டியின் இரும்புக் கூரையை வெட்டி எடுத்துவிட்டுக் கண்ணாடிநாராலான உயர்ந்த கூரையொன்றைப் பொருத்தியிருந்தனர். இத்தகைய வண்டியைக் கம்பர்வான் என்று அங்கே அழைக்கிறார்கள்.

அத்தான் தாம் ஓய்வு பெற்றபோது அந்த வண்டியை வாங்கினார். நாடு முழுவதையும் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் நாம் சென்ற வேளையிலே அதன் சில்லுகளைச் சுற்றிப் புல் முழங்கால் அளவுக்கு வளர்ந்திருந்தது. காரணத்தை வினாவியபோது அவர் ஒன்றுஞ் சொல்லவில்லை. அக்காதான் சொன்னார்.

அத்தானுக்கு நீரிழிவு நோய். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் அவர் இன்சுலின் ஏற்றிக்கொள்ளத் தொடங்கினார். திறக்காத இன்சுலினை 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடைப்பட்ட குளிரிலே வைத்திருத்தல் வேண்டும். வெப்பம் மிகுந்தாலும் அதன் வீரியம் குறையும்; உறைந்துவிட்டாலோ முற்றாகப் பழுதாகிவிடும். அவர்கள் கோடை காலத்திலே சென்ற கடைசிப் பிரயாணத்தில், இரண்டாம் நாளிரவு மின்கலவடுக்கு வலுவிழந்து குளிர்ப்பெட்டி நின்றுவிட்டது. விடிந்து பார்த்தபோது மருந்துப் புட்டிகள் வெந்நீரிற் போட்டவை போல இருந்தன. அன்று பாதி வழியில் திரும்பியவர்கள் மீண்டும் புறப்படவேயில்லை.

"நடுக்காட்டிலை மருந்து பழுதானால் ஆரிட்டைப் போறது?" என்றார் அக்கா.

அக்காவின் அச்சம் எமக்கு நன்கு விளங்கியது. எங்கள் பாட்டியாரும் இன்சுலின் ஏற்றிக்கொண்டவர். 1990 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. அதன்பின் ஆண்டுக்கணக்காக அது வரவில்லை. அப்பொழுது நாம் சிறுவர். பாட்டியாரின் மருந்தை ஒரு சிறு மட்குடத்தில் இட்டு, அக்குடத்தை ஈரமணல் நிறைத்த பெரிய பானையிலே புதைத்து வைப்பது வழக்கம். மணல் காயாமல் நாளுக்கு மூன்று முறை நீர் தெளிக்கும் வேலை எமக்கு. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது என்னும் பாடத்தை நாம் புத்தகத்திற் படிப்பதற்கு முன்னரே அந்தப் பானையிடம் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோவிலிருந்து வானொலி கேட்டதும் அக்காலத்திலேதான். மின்சாரம் என்பது கம்பி வழியே யாரோ தருவது மட்டுமன்று, நாமே ஆக்கிக்கொள்ளக் கூடியது என்று அன்றே அறிந்தோம்.

அன்றிரவு அத்தான் எம்மைத் தனியே அழைத்து, ஒரு தேசப்படத்தை விரித்தார். விக்டோரியா மாநிலத்தின் வடமேற்குப் பகுதியிலே ஓரிடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"தம்பி, ஆனையிறவைப் போல ஒரு இடம் இஞ்சையும் இருக்குதாம். அதை ஒருக்கால் பாத்திட்டனெண்டால் போதும்" என்றார்.

அது ரிறெல் ஏரி. விக்டோரியா மாநிலத்து உப்பேரிகளுள் மிகப் பெரியது. அத்தானின் தந்தையார் ஆனையிறவு உப்பளத்திலே வேலை பார்த்தவர். அத்தான் பிறந்து நடைபயின்றதெல்லாம் அந்த வெண்ணிலத்தின் அருகிலேதான். அங்கே மீண்டும் செல்லுமளவுக்கு அவருடைய உடல்நிலை இடந்தரவில்லை. மெல்பேணிலிருந்து சுமார் 350 கிலோமீற்றர் தூரத்திலுள்ள ஏரிக்குச் செல்லவும் ஒரு குளிர்ப்பெட்டி தடையாக நின்றது.

மறுநாள் மருமகனும் நாமும் கலந்தாலோசித்தோம். வண்டியின் கூரையிலே, சோலர் பனல் என்று யாவரும் வழங்கும் சூரியத் தகடுகள் இரண்டைப் பொருத்துவது என்று முடிவாயிற்று. மருமகன் அந்நாட்டிலே பிறந்து வளர்ந்து, ஒரு தொழிற்சாலையிலே பொருத்துநராக வேலை பார்ப்பவர். நாமோ இருபது ஆண்டுகளாகக் கணிதமும் பௌதிகமும் கற்பிப்பவர். ஆதலால் இவ்வேலை ஒரு பகலில் முடிந்துவிடும் என்று எண்ணினோம். ஏணி வைத்து ஏறிப் பார்த்த பின்னரே எமது எண்ணம் பிழையென்று தெரிந்தது.

கீழே நின்று பார்ப்போருக்கு அக்கூரை வழவழப்பான ஒரே வளைவாகத் தோன்றும். மேலே ஏறினால், நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரிந்திருந்தது. கூரைக்கு உறுதி தருவதற்காக நீளப்பாட்டில் வரம்புகள் எழுப்பப்பட்டிருந்தன. முன்புறம் காற்றைக் கிழிப்பதற்காகத் தாழ்ந்து சென்றது. நடுவிலே காற்றுச் சாளரம் ஒன்று. அதைச் சுற்றிய இடம் காலப்போக்கிலே தொய்ந்து, மழைநீர் தேங்கிய கறையோடு காணப்பட்டது. சுருங்கச் சொன்னால், மட்டக்கோலை எங்கே வைத்தாலும் ஏதோ ஒரு பக்கத்தில் இடைவெளி தெரிந்தது.

இப்படிப்பட்ட கூரைக்கு வளையக்கூடிய மெல்லிய தகடுகளும் உண்டு. அவை பாரமற்றவை, பசை பூசி ஒட்டிவிடலாம். ஆனால் அவற்றில் ஒரு குறையுண்டு. சூரியத் தகடு வெயிலை விரும்பினும் வெப்பத்தை விரும்பாது. அதிலுள்ள சிலிக்கன் கலங்களின் வெப்பநிலை 25 பாகையிலிருந்து உயரும் ஒவ்வொரு பாகைக்கும் அதன் வலு நூற்றுக்கு ஏறக்குறைய 0.4 பங்கு குறைகிறது. கூரையோடு ஒட்டிக் கிடக்கும் தகட்டின் கீழே காற்று ஓட இடமில்லை. அது சூடேறி விரைவில் கெட்டுப்போகவும் கூடும். ஆகையால் கண்ணாடி முகமும் அலுமினியச் சட்டமும் உடைய வன்தகடுகளையே வாங்கினோம். ஒவ்வொன்றும் 100 உவாற்று வலுவுடையது; ஒரு மீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீளமும், அதில் ஏறக்குறையப் பாதி அகலமும், சுமார் 7 கிலோகிராம் நிறையும் கொண்டது.

இங்கே மாணவர்களுக்கு ஒரு செய்தி. சிலிக்கன் சூரியக்கலத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் 1954 ஆம் ஆண்டில் உலகத்துக்குக் காட்டியபோது, அது தன்மீது வீழ்ந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கையே மின்சாரமாக மாற்றியது. நூற்றுக்கு இருபது என்னும் எல்லையை 1985 ஆம் ஆண்டில் எட்டியவர்கள், அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் மார்ட்டின் கிறீனின் தலைமையில் உழைத்த ஆய்வாளர்களாவர். இன்று எளியவர் வீட்டுக் கூரைகளிலும் காணப்படும் தகடுகள் அந்த உழைப்பின் வழிவந்தவையே.

நாம் கூரைக்குத் திரும்புவோம். முதல் தகட்டின் நான்கு மூலைகளிலும் ஒரே உயரமான நான்கு கால்களைப் பூட்டிக் கூரையில் வைத்தோம். மூன்று கால்கள் கூரையைத் தொட்டன. நான்காவது அந்தரத்தில் நின்றது. அளந்து பார்த்தால் 17 மில்லிமீற்றர் இடைவெளி. தகட்டை வேறு வேறு இடங்களுக்கு நகர்த்திப் பார்த்தோம். எங்கு வைத்தாலும் ஒரு கால் அந்தரத்திலேயே நின்றது.

பொழுதோ சாய்ந்துகொண்டிருந்தது. அத்தான் கீழே கதிரை போட்டு அமர்ந்து, அண்ணாந்து எம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் காத்திருக்க வைக்க எமக்கு மனமில்லை. "பசை பூசி, இந்த மூலையின் மேல் ஒரு மணல் மூட்டையை வைத்துவிடுவோம். காய்ந்தால் தானாக அமர்ந்துவிடும்" என்று சொல்லி, அந்த மூலையைக் கையால் அழுத்தினோம். கண்ணாடியிலிருந்து மெல்லிய கிறீச்சொலி எழுந்தது.

"மாமா, அமத்தாதேங்கோ!" என்று மருமகன் கத்தினார்.

உடனே கையை எடுத்தோம். நல்ல வேளையாகக் கண்ணாடி பிளக்கவில்லை. அதன் கீழேயிருக்கும் சிலிக்கன் கலங்கள் ஒரு மில்லிமீற்றரில் ஐந்திலொரு பங்கு தடிப்புங்கூட இல்லாதவை. முறுக்கப்பட்ட சட்டத்திலே அவை கண்ணுக்குத் தெரியாமல் வெடித்துவிடும். பின்னர் வண்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும் அந்த வெடிப்பு நீளும். ஒரு நாள் எங்கேயோ ஒரு வெளியிலே தகடு ஓய்ந்து நின்றிருக்கும். அத்தானின் மருந்தும் மீண்டும் வெந்நீராகியிருக்கும்.

மருமகன் கோபிக்கவில்லை. "மூண்டு கால் எப்பவும் நிலத்திலை நிக்கும். நாலாவதுதான் கரைச்சல். அப்பிடித்தானே, மாமா?" என்றார்.

எமக்கு வெட்கமாய்ப் போயிற்று. ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் ஒரு தளத்தைத் தீர்மானிக்கும் என்பதை நாம் வகுப்பிலே எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்போம்! முக்காலி ஆடாது, நாற்காலியே ஆடும் என்று உதாரணமும் சொல்லியிருப்போம். சொன்னவர் நாம், கைவேலையில் அதனை நினைவில் வைத்திருந்தவர் மருமகன். கோணலான கூரையை அழுத்தி நேராக்க முடியாது. நேரான தகட்டைக் கூரைக்காகக் கோணலாக்கவும் கூடாது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் கால்தான் தன் உயரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அடுத்த நாள் அவ்வாறே செய்தோம். ஒவ்வொரு காலையும் இரண்டு அலுமினியக் கோணத் துண்டுகளால் ஆக்கினோம். ஒன்று கூரையில் அமர்வது. மற்றையது தகட்டின் சட்டத்தோடு சேர்வது. இரண்டும் ஒன்றோடொன்று உரசி மேலுங் கீழும் நகரும்படி, அவற்றில் நீண்ட துளைகளை வெட்டினோம். பின்னர் மரக்கட்டைகளை அடுக்கித் தகட்டைக் கூரைக்கு மேலே மட்டமாக நிறுத்திக்கொண்டு, எல்லாக் கால்களையும் தளர்வாகத் தொங்கவிட்டோம். ஒவ்வொரு காலும் தானே இறங்கிக் கூரையைத் தொட்டது. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. தொட்ட இடத்திலேயே ஒவ்வொன்றாக இறுக்கினோம். கட்டைகளை எடுத்தபோது தகடு அசையவுமில்லை, முறுகவுமில்லை. காற்று ஓடுவதற்கு மிகத் தாழ்ந்த இடத்திலும் 4 சென்ரிமீற்றர் இடைவெளி கிடைத்தது.

இனிப் பசை. கூரையிலே துளைகள் இட நாம் விரும்பவில்லை. துளை ஒவ்வொன்றும் மழைக்குத் திறந்த வாசலாகும். வாகனங்களுக்கும் படகுகளுக்குமென்று விற்கும் பொலியுரத்தேன் பசையையே பயன்படுத்தினோம். வெயிலிலே வெளிறி மாப்போல் உதிர்ந்த பழைய வர்ணத்தைத் தேய்த்து அகற்றி, மதுசாரத்தால் துடைத்து, பின்னரே பசை பூசினோம். அதனைப் பிதுங்க அழுத்திவிடலாகாது. ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் தடிப்பிலே அது நின்றால்தான் வண்டியின் அதிர்வுக்கு இசைந்து கொடுக்கும். அதற்காகச் சிறிய இறப்பர்த் துண்டுகளை இடையிலே வைத்தோம். மின்கம்பி உள்ளே செல்வதற்கு மட்டும் ஒரேயொரு துளை இட்டு, அதன் வாய் வண்டியின் பின்புறம் நோக்கும்படி ஒரு மூடியை ஒட்டினோம்.

பசை பூசிய மறுநாளே அத்தான் உடுப்புகளை அடுக்கத் தொடங்கிவிட்டார். அவரை நிறுத்தி வைப்பதுதான் கூரை வேலையைவிடக் கடினமாயிருந்தது. அந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று, ஓரத்திலிருந்து உள்நோக்கி மெல்ல மெல்ல இறுகுவது. குளிர் காலத்தில் இன்னும் தாமதிக்கும். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டியைத் தாக்கும் காற்றின் அமுக்கம், ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 47 கிலோகிராம் நிறைக்குச் சமமானது. ஒரு தகடு பெயர்ந்து பின்னால் வருவோர் மேல் வீழ்ந்தால் என்னாகும் என்று கணக்கை எழுதிக் காட்டினோம். அத்தான் கண்ணாடியை அணிந்து அதை இருமுறை படித்துவிட்டு, பெட்டியைத் திரும்ப உள்ளே வைத்தார். ஒரு வாரம் காத்திருந்தோம்.

அந்த வாரத்திலே கம்பி வேலை நடந்தது. காற்றுச் சாளரத்தின் நிழல் காலையில் ஒரு தகட்டிலும் மாலையில் மற்றையதிலும் விழும். ஆகவே தகடுகளைத் தொடராக இணைக்காமல் சமாந்தரமாக இணைத்தோம். ஒன்று நிழலிற் கிடந்தாலும் மற்றையது தன் வேலையைச் செய்யும். கட்டுப்படுத்தும் கருவி ஒன்றினூடாகப் புதிய ஈய அமில மின்கலவடுக்கைச் சேர்த்து, அதன் அருகிலேயே உருகியையும் வைத்தோம். அந்த மின்கலவடுக்கு 100 அம்பியர் மணி கொண்டதாயினும், அதன் ஆயுளைக் கருதிப் பாதியையே செலவிடல் வேண்டும். குளிர்ப்பெட்டிக்கும் விளக்குக்குமாகக் குளிர் காலத்தில் நாளொன்றுக்கு 30 அம்பியர் மணி வேண்டும் என்று கணித்தோம். அதாவது, வெயிலே இல்லாவிட்டால் இரண்டு நாளுக்கும் காணாது.

யாழ்ப்பாணத்திலே ஓகஸ்ட் மாத நண்பகற் சூரியன் ஏறக்குறைய உச்சியில் நிற்கும். தென் அகலக்கோடு 38 பாகையிலுள்ள மெல்பேணிலோ, மாத நடுவில் அது வட திசையில் அடிவானிலிருந்து ஏறக்குறைய 38 பாகை உயரத்திலேயே நிற்கும். ஆகவே 200 உவாற்றுத் தகடுகளிலிருந்து எமக்கு நண்பகலிற் கிடைத்தது 120 உவாற்று அளவே. ஆயினும் மானியிலே முள் முதன்முதலாக அசைந்தபோது அத்தான் கைதட்டினார்.

எட்டாம் நாட் காலையிலே புறப்பட்டோம். மருமகன் வண்டியைச் செலுத்தினார். வண்டியின் உயரம் கூடியிருந்தமையால், புதிய உயரத்தை ஒரு துண்டில் எழுதி அவருடைய கண்ணுக்கு நேரே ஒட்டினோம். கால்டர் நெடுஞ்சாலை வடமேற்காகச் செல்கிறது. 1851 ஆம் ஆண்டிலே பொன் கண்டெடுக்கப்பட்டு எழுந்த பென்டிகோ நகரை மாலையிற் சேர்ந்தோம். பொன்னால் வந்த செல்வம் அந்நகரத்துக் கட்டடங்களில் இன்னும் தெரிகிறது. அதனைக் கடந்ததும் மலைகள் மறைந்து, கோதுமை வயல்கள் வானம்வரை விரிந்தன.

இரண்டாம் நாள் விச்சிப்புறூவ் என்னும் சிற்றூரை அடைந்தோம். அங்கே புகையிரதப் பாதை பெருந்தெருவின் நடுவாலேயே செல்கிறது. கடைகளுக்கு முன்னால் தானிய வண்டிகள் ஊர்ந்து போகுமாம். அவ்வூரில் ஒரு மலையும் உண்டு. சுற்றுவெளியிலிருந்து அதன் உயரம் 43 மீற்றர். உலகின் மிகச் சிறிய மலை என்று ஊரவர் பெருமையோடு சொல்கிறார்கள். ஆனால் நாம் மலையைக் காணவில்லை, தெருவையும் அரைகுறையாகவே கண்டோம். காலை தொடங்கி மாலை வரை மூடுபனி அகலவேயில்லை. மானி ஓர் அம்பியரோடு நின்றுவிட்டது.

அன்றிரவு அத்தானும் அக்காவும் வண்டியிலும், மருமகனும் நாமும் பக்கத்துக் கூடாரத்திலும் படுத்தோம். குளிரினாலும் கவலையினாலும் எமக்கு உறக்கம் வரவில்லை. கூரையின் கால்களைப் பற்றிய கவலை எமக்கு இல்லை. அவை உறுதியாக நின்றன. ஆனால் சூரியனுக்கு நாம் கால் பூட்ட முடியாதே!

விடியற்காலையில் மின்கலவடுக்கு 12.1 உவோற்றைக் காட்டியது. பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது என்பது அதன் பொருள். அக்கா மருந்துப் பெட்டியைத் திறந்து வெப்பமானியைப் பார்த்தார். 5 பாகை. இன்னும் பழுதில்லை. "இண்டைக்குத் திரும்பினால் இரவுக்குள்ளை வீட்டை போயிடலாம்" என்றார். அத்தான் மறுத்துப் பேசவில்லை. "சரி, திரும்புவம்" என்று மட்டும் சொல்லித் தேசப்படத்தை மடித்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் அவர் எவ்வாறு திரும்பியிருப்பார் என்பதை அந்த மடிப்பிலே கண்டோம்.

ஒன்பது மணிவரை பொறுப்போம் என்று நாம் கேட்டுக்கொண்டோம். எட்டரை மணிக்குக் கிழக்கிலே பனித்திரை மெலிந்தது. தகடுகளிலே படிந்திருந்த நீரை மருமகன் ஏறித் துடைத்தார். ஒன்பது மணிக்கு மானி ஐந்து அம்பியரைத் தொட்டது. அக்கா மானியை உற்றுப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், பின்னர் தாமே தேசப்படத்தை விரித்து அவருடைய மடியில் வைத்தார்.

நண்பகலுக்கு முன்னரே சீ லேக் என்னும் ஊரைத் தாண்டி ஏரிக்கரையை அடைந்தோம். அந்த ஏரியின் பரப்பு ஏறக்குறைய 20,000 ஹெக்டேயர். குளிர் காலமாதலால் உப்புப் படிவின் மேலே கணுக்காலுக்கும் எட்டாத நீர் கண்ணாடிபோல் நின்றது. வானம் எது, நீர் எது என்று பிரித்தறிய முடியவில்லை. அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். குனிந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து நாவில் வைத்தார். நெடுநேரம் நின்றபின், "ஐயாவின்ரை சட்டையிலை இந்த மணந்தான்" என்றார். போர்க் காலத்திலே நெடுநாள் வேலையற்றுக் கிடந்து, பின்னர் மீண்டும் இயங்கத் தொடங்கிய ஆனையிறவு உப்பளத்தை நாம் அறிவோம். எனினும் அன்று அவர் கண்ட ஆனையிறவு எமக்குத் தெரியாதது.

இரவு வந்தது. நிலவு இல்லை. மேலே ஒரு வானம், நீரிலே இன்னொரு வானம். ரிறெல் என்னும் பெயரே வானவெளியைக் குறிக்கும் பழங்குடிச் சொல்லிலிருந்து வந்ததாம். அவ்வேரிக்கரையில் வாழ்ந்த பூரோங் மக்கள் சிறந்த வானவியல் அறிவு உடையவர்கள். அவர்களிடம் கேட்டறிந்தவற்றை வில்லியம் ஸ்டான்பிறிட்ஜ் என்பவர் 1857 ஆம் ஆண்டிலே எழுதி வைத்தார். நாம் சுவாதி என்று சொல்லும் நட்சத்திரத்தை, மரஎறும்பின் முட்டைக்கூடுகளைத் தேடி உண்ணும் வழியைக் காட்டிய ஒரு தாயாக அவர்கள் கண்டனர். அது மாலையில் வட வானிலே தோன்றினால் அந்த உணவுக் காலம் நெருங்குகிறது என்று அறிந்தனர். அந்தத் தாரகை அன்று வடமேற்கிலே தாழ்ந்து நின்றது.

விடிவதற்கு முன்னர் அக்கா எம்மை எழுப்பினார். தென்கிழக்கு வானிலே, பாதி உயரத்தில், அகத்திய நட்சத்திரம் ஒளிர்ந்தது. யாழ்ப்பாணத்திலே அது தென் திசையில் பனைகளுக்குச் சற்று மேலே எட்டிப் பார்த்துவிட்டு மறையும். பூரோங் மக்கள் அதனைக் காகம் என்றனர். வானத்திலிருந்து முதன்முதலாக நெருப்பைக் கொண்டுவந்து மனிதருக்குக் கொடுத்தது அந்தக் காகந்தான் என்பது அவர்களுடைய கதை. அக்கா கேட்டுவிட்டு, வண்டிக்குள்ளே சென்று மானியைப் பார்த்து வந்தார். "பன்னிரண்டரைக்குக் கிட்ட நிக்குது" என்றார். அவருடைய குரலிலே மூன்றாண்டுக் கவலை இறங்கியிருந்தது.

நாம் ஊர் திரும்பிச் சில மாதங்களாகின்றன. சென்ற வாரம் அக்கா பேசினார். வண்டி இப்பொழுது பின்வளவிலே நிற்பதில்லையாம். கோடையையும் அஞ்சாமல் இருமுறை போய் வந்துவிட்டார்களாம். நான்கு கால்களும் அசையவில்லையாம்.

எமது வகுப்பிலே இவ்வாண்டும் தளங்களைப் பற்றிய பாடம் வந்தது. மூன்று புள்ளிகளை வழக்கம்போல் எழுதினோம். நான்காவது புள்ளி விலகி நின்றால் என்ன செய்வது என்று ஒரு மாணவன் கேட்டான். "அழுத்தாதே, அதற்கு எவ்வளவு உயரம் வேண்டுமென்று அளந்து பார்" என்றோம்.